நிற்கும் வண்டியில் குலுங்கும் எஞ்சின்: குறையை அறிதலும் தீர்த்தலும்

திருவனந்தபுரத்தில் பாளையத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை செல்லும் மகாத்மா காந்தி சாலையில் மோட்டார் வண்டிகள் அடிக்கடி நின்று நின்று செல்ல வேண்டியிருக்கிறது. அவ்வாறு நிற்கும்போது எஞ்சின் மெல்லிய, சீரான ஓசையுடன் ஓடிக்கொண்டிருப்பதே முறை. சில வண்டிகளிலோ எஞ்சின் விட்டுவிட்டுத் துடிக்கிறது. இருக்கையும் கண்ணாடியும் நடுங்குகின்றன. ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் எஞ்சின் நின்றே போகிறது. பட்டறைகளில் இதனை 'மிஸ்ஸிங்' என்றும், 'ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லை' என்றும் கூறுவர். இது நோயன்று, நோயின் அறிகுறியே. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதுபோல இக்குலுக்கத்திற்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றை ஒழுங்கான முறையில் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தால், சாதாரணக் கருவிகளைக் கொண்டே பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

சிறு வேகத்தின் இயல்பு

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: சரியான விகிதத்தில் கலந்த காற்றும் பெட்ரோலும், அக்கலவையை நன்கு அழுத்தும் சிலிண்டர், உரிய தருணத்தில் தோன்றும் தீப்பொறி. 1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோகிராம் காற்று தேவைப்படுகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று ஏவப்பட்ட நைக்-அப்பாச்சி ராக்கெட், எரிபொருளோடு அதனை எரிக்கும் பிராணவாயுவையும் தன்னுள்ளேயே கொண்டு சென்றது. மோட்டார் வண்டியோ பெட்ரோலை மட்டும் சுமக்கிறது. பிராணவாயுவைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே பெறுகிறது. ஆகவே காற்று செல்லும் வழியில் நேரும் சிறு மாறுதலும் எஞ்சினின் ஓட்டத்தைப் பாதிக்கும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 800 முறை சுழல்வதாகக் கொள்வோம். நான்கு-வீச்சு முறையில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரிகிறது. எனவே நிமிடத்திற்கு 400 வீதம் நான்கு சிலிண்டர்களிலுமாக 1,600 எரிப்புகள் நிகழ்கின்றன. அவற்றுள் ஒரு சிலிண்டர் ஓய்ந்துவிட்டால் 400 உந்துதல்கள் குறைந்துபோகும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, கனமான ஃபிளைவீல் இக்குறையை ஓரளவு மறைத்துவிடும். சிறு வேகத்தில் அதன் சேமிப்புச் சக்தி குறைவாதலால் குறை வெளிப்படையாகத் தெரிகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. காலை எடுத்த நிலையில் காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. பிஸ்டன்கள் காற்றை இழுக்க முயல்வதால் உள்ளிழுப்புக் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. கடல் மட்டத்தில் நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் இவ்வெற்றிடம் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும். உள்ளே செல்லும் காற்று மிகக் குறைவாக இருக்கும் இந்நிலையில், ஒரு சிறு துளை வழியாகக் கூடுதலாக நுழையும் காற்றும் கலவையின் விகிதத்தைக் கெடுத்துவிடும். அதே துளை, வண்டி வேகமாக ஓடும்போது ஒரு பொருட்டாகாது.

முதலில் கவனிக்க வேண்டியவை

ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன்னர்ச் சில கேள்விகளுக்கு விடை காணுதல் நன்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் குலுங்குகிறதா, சூடேறிய பின்னரும் குலுங்குகிறதா? மழை நாள்களில் மட்டும் நிகழ்கிறதா? வேகத்தைக் கூட்டினால் சரியாகிறதா? குளிர்சாதனத்தைப் போட்டவுடன் தொடங்குகிறதா? அண்மையில் ஏதேனும் பழுதுபார்க்கப்பட்டதா?

அடுத்து, வண்டியின் பின்புறம் சென்று புகைக்குழாயின் ஓசையைக் கேட்க வேண்டும். ஓசை சீராக இருந்து, வண்டியின் உடல் மட்டும் நடுங்குமாயின், எரிப்பில் குறையில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் நைந்திருக்கலாம். ஓசை ஒழுங்கான இடைவெளியில் தவறுமாயின், குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் குறையுள்ளது எனக் கொள்ளலாம். ஒழுங்கின்றி அங்குமிங்குமாகத் தவறினால், குறை எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஓர் உறுப்பில், அதாவது கலவையிலோ மின் வழங்கலிலோ இருத்தல் கூடும். கரும்புகை பெட்ரோல் மிகுதியையும், நீலப்புகை எண்ணெய் எரிவதையும், சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை சிலிண்டருக்குள் தண்ணீர் புகுவதையும் குறிக்கும்.

தீப்பொறியைச் சோதித்தல்

பழைய முறை எரியூட்டல் அமைந்த வண்டிகளில் குறையுள்ள சிலிண்டரைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் முனையை எஞ்சினின் உலோகப் பகுதியுடன் இணைத்துவிட்டு மீண்டும் ஓடவிட வேண்டும். வேகம் மேலும் குறைந்தால் அச்சிலிண்டர் முன்பு நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது என்பது பொருள். எவ்வித மாறுதலும் இல்லையெனில் அதுவே ஓய்ந்த சிலிண்டர். ஓடும் எஞ்சினில் கம்பியைக் கையால் பிடுங்குவது தவறு. அதில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. மின்னணு எரியூட்டல் கொண்ட புதிய வண்டிகளில் இச்சோதனையையே செய்தல் ஆகாது; மின்னணு உறுப்புகள் பழுதாகிவிடும்.

பிளக்கைக் கழற்றினால் அதன் முனையே எரிப்பின் வரலாற்றைக் கூறும். இளம் பழுப்பு நிறம் நல்ல நிலை. உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு, தேய்ந்த வளையம் அல்லது வால்வு வழிகாட்டி. வெளுத்துப் பொரிந்த முனை, பெட்ரோல் குறைவு அல்லது மிகையான உஷ்ணம். பெட்ரோலில் நனைந்திருப்பின், பிளக்கில் தீப்பொறியே தோன்றவில்லை என ஐயுறலாம்.

பல ஆண்டுகள் அரசு அலுவலகங்களின் வண்டியாக விளங்கிய அம்பாசடர், 2014 மே மாதத்தில் உத்தர்பாராத் தொழிற்சாலையில் உற்பத்தி நிறுத்தப்பட்ட பின்னரும் ஆங்காங்கே ஓடிவருகிறது. அதன் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்டிரிபியூட்டரிலுள்ள பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம்; எரிப்பு வரிசை 1-3-4-2. பாயிண்ட் முகங்கள் கருகியோ குழிந்தோ இருந்தால் மாற்றி, ஃபீலர் கேஜ் கொண்டு இடைவெளியை அமைக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி மாறினால் தீப்பொறியின் தருணமும் மாறும். ஆகவே டைமிங்கை அதன் பின்னரே சரிபார்க்க வேண்டும். பிற வண்டிகளுக்கு உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள அளவே கொள்ளத்தக்கது.

திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. சங்குமுகம், வேளி, விழிஞ்ஞம் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் உப்பும் கலந்திருக்கிறது. ஈரமும் உப்பும் படிந்த டிஸ்டிரிபியூட்டர் மூடியின் மேல் மின்சாரம் பிளக்கிற்குச் செல்லாமல் குறுக்குவழியில் கசிந்துவிடுகிறது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே பல வண்டிகள் சீரடையும். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் வரைந்தாற்போன்ற மெல்லிய கருங்கோடு தெரிந்தால், அது மின்சாரம் கசிந்த தடம். துடைப்பதால் பயனில்லை, மூடியையே மாற்ற வேண்டும். இரவில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், பழுதான கம்பிகளிலிருந்து நீல ஒளி கசிவது கண்ணுக்குத் தெரியும்.

காற்றுக் கசிவு

வேகத்தில் நன்றாக ஓடி, நின்ற நிலையில் மட்டும் குலுங்கும் எஞ்சினில் காற்றுக் கசிவை ஐயுற வேண்டும். கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கட், உள்ளிழுப்புக் குழாயின் இணைப்பு, வெற்றிடக் குழாய்களின் முனைகள் ஆகியவை வழக்கமான இடங்கள். ரப்பர்க் குழாய்கள் உஷ்ணத்தால் வெடித்திருக்கலாம். எலிகள் கடித்திருக்கவும் கூடும். இணைப்பின் மேல் எண்ணெய்க் குப்பியால் சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டால், கசிவு உள்ள இடத்தில் அது தற்காலிகமாக அடைபட்டு எஞ்சினின் வேகம் மாறும். இச்சோதனைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவது தீ விபத்துக்கு வழிகோலும், எக்காரணங்கொண்டும் செய்தலாகாது.

வெற்றிடமானி கிடைக்குமாயின் மேலும் எளிது. முள் அசையாமல் இயல்பைவிடக் குறைவாக நின்றால் காற்றுக் கசிவு அல்லது பிந்திய டைமிங். ஒழுங்காக விட்டுவிட்டுச் சரிந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை எனலாம். உயரமான இடங்களில் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்துக் கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் நல்ல எஞ்சினும் மூன்றரை அங்குலம் குறைவாகவே காட்டும். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கார்புரேட்டர் வண்டிகளில் கலவையில் பெட்ரோல் விகிதம் சற்று மிகும். அங்குக் கண்ட குலுக்கத்தை அங்கேயே திருகித் திருத்தினால், வண்டி சமவெளிக்கு இறங்கியதும் பெட்ரோல் போதாமல் மறுபடியும் குலுங்கும்.

பெட்ரோல் வழி

கார்புரேட்டரில் சிறு வேகத்திற்கெனத் தனியே ஒரு நுண்துளை உள்ளது. இது 'ஸ்லோ ஜெட்' எனப்படும். அழுக்கோ பிசினோ படிந்து இது அடைபட்டால், ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கும் வரை வண்டி ஓடும், விட்டவுடன் நிற்கும். ஜெட்டைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்து ஊத வேண்டும். ஊசியோ கம்பியோ செலுத்தினால் துளை பெரிதாகி, அதன் பின்னர் எந்தத் திருத்தமும் பயன் தராது. மிதவையின் மட்டம் உயர்ந்திருந்தாலும், மிதவை ஊசி சரியாக அமராவிட்டாலும் பெட்ரோல் மிகும். சோக் முழுவதும் திறக்காமல் சிக்கிக்கொண்டிருப்பதும், காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருப்பதும் இதே விளைவை உண்டாக்கும்.

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நீண்ட நாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் தொட்டியில் நீர் மிகுதியாகச் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் கலந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்பு அடியிலிருந்தே எடுப்பதால் எஞ்சின் தடுமாறும். ஒரு கண்ணாடிக் குப்பியில் சிறிது எரிபொருளை எடுத்து அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்து தெரியும். மேலும், எத்தனாலுக்கென அமைக்கப்படாத பழைய ரப்பர்க் குழாய்கள் இதனால் கெட்டுப்போவதையும் கவனிக்க வேண்டும்.

எஞ்சினின் உட்பகுதி

தீப்பொறி, காற்று, பெட்ரோல் மூன்றும் சரியாக இருந்தும் குலுக்கம் நீங்காவிடில், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். எல்லா பிளக்குகளையும் கழற்றி, எரியூட்டலைத் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்த நிலையில் ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றி, அழுத்தமானியால் ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். அளவு எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஏறக்குறைய சமமாக உள்ளனவா என்பதே இங்கு முக்கியம். ஒன்று மட்டும் குறைந்திருந்தால், அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கலாம். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துள்ளது. உயராவிடில் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் குறைந்திருந்தால், அவற்றிற்கு இடையே ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கலாம். டப்பெட் இடைவெளி மிகக் குறைந்து வால்வு முழுவதும் மூடாதிருப்பதும் உண்டு; இதனைச் சரிசெய்வதற்குச் செலவு சொற்பமே.

திருகு கடைசியில்

குலுக்கத்தைக் கண்டவுடன் கார்புரேட்டர்த் திருகைத் திருகி வேகத்தைக் கூட்டிவிடுவது பலரிடம் காணப்படும் வழக்கம். குலுக்கம் மறைகிறது, குறை மறைவதில்லை. பெட்ரோல் வீணாகிறது; பழுதான வால்வோ கேஸ்கட்டோ மேலும் கெடுகிறது; மூன்று மாதத்தில் பெருஞ்செலவு நேர்கிறது. டப்பெட், பிளக், பாயிண்ட், டைமிங், காற்றுக் கசிவு என்னும் வரிசையில் எல்லாம் சரிபார்க்கப்பட்ட பின்னரே கார்புரேட்டரைத் தொட வேண்டும். அப்பொழுதும் எஞ்சின் முழுவதும் சூடேறியிருத்தல் அவசியம். கலவைத் திருகை மெல்லத் திருப்பி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் நிலையைக் காண வேண்டும். பின்னர் வேகத் திருகினால் வேகத்தைக் குறைத்து, மறுபடியும் கலவைத் திருகைச் சிறிது திருத்த வேண்டும். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தால் உரிய நிலை கிட்டும்.

புதிய வண்டிகளும் டீசல் வண்டிகளும்

2000-ஆம் ஆண்டில் பாரத் ஸ்டேஜ் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்ததையடுத்துக் கார்களில் கார்புரேட்டர் மறைந்து, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் அதனை ஆளும் சிறு கணினியும் இடம் பெற்றன. இவற்றில் திருக வேண்டிய திருகு இல்லை. ஆயினும் காரணங்கள் அவையே. காற்றுக் கதவைச் சுற்றிக் கரி படிதல், சிறு வேகக் காற்றை ஆளும் வால்வு சிக்குதல், இன்ஜெக்டர் அடைபடுதல், பிளக்கின் மேலுள்ள காயில் பழுதாதல், உணர்கருவி தவறான அளவைத் தருதல் ஆகியவை பொதுவானவை. எஞ்சின் விளக்கு எரிந்தால், குறியீடு படிக்கும் கருவியை இணைத்துப் பார்க்கலாம். 0301 முதல் 0304 வரையுள்ள எண்கள் முறையே எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பதைக் காட்டும். குறியீடு சிலிண்டரைச் சுட்டுமேயன்றி உறுப்பைச் சுட்டாது. எனவே அச்சிலிண்டரின் காயிலை வேறொரு சிலிண்டரின் காயிலுடன் மாற்றிப் பொருத்திப் பார்க்க வேண்டும். குறையும் இடம் மாறினால் காயிலே காரணம். ஆராயாமல் உறுப்பை மாற்றுவது பணத்தை விரயமாக்குவதாகும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. திருவிதாங்கூர் அரசின் மோட்டார்ப் போக்குவரத்துச் சேவை 1938 பிப்ரவரி 20 அன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜாவால் தொடங்கி வைக்கப்பட்டபொழுது, இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்ட 60 காமர் அடிச்சட்டங்களில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களே பொருத்தப்பட்டிருந்தன. இத்தகைய எஞ்சின்கள் குலுங்கினால், எரிபொருள் குழாயில் காற்று புகுந்திருத்தல், வடிகட்டி அடைபடுதல், டீசலில் நீர் கலத்தல், இன்ஜெக்டர் முனை தேய்தல் ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும்.

புறக்கணித்தால் நேரும் அபாயம்

குலுங்கும் எஞ்சின் வெறும் தொல்லை மட்டுமன்று. முதலாவது, உயிருக்கு ஆபத்து. பெட்ரோல் மிகுந்த கலவை முழுவதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயுவை உண்டாக்குகிறது. இதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் இது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் எளிதாகச் சேர்கிறது. ஆகவே மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தலாகாது; மழை பெய்தாலும் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், நின்ற நிலையில் ஓடும் நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டியின் புகையில் இவ்வாயு 3 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என வகுத்தன; பிற்கால வண்டிகளுக்கு இவ்வரம்பு மேலும் குறைக்கப்பட்டது.

இரண்டாவது, பிரேக் சம்பந்தமானது. பல வண்டிகளில் பிரேக் மிதியின் விசையைப் பெருக்கும் சர்வோ, எஞ்சினின் வெற்றிடத்தாலேயே இயங்குகிறது. அதன் குழாய் கிழிந்தால் எஞ்சின் குலுங்குவதோடு பிரேக்கும் கடினமாகும். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இது பேராபத்து. இதனை அறியும் சோதனை மிக எளிது. எஞ்சினை நிறுத்தி, மிதியைப் பலமுறை மிதித்து, கடைசியில் காலை அழுத்திய நிலையில் வைத்து எஞ்சினை ஓடவிட வேண்டும். மிதி சற்றே உள்ளே இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது. இறங்காவிடில் குறை தீரும் வரை வண்டியை எடுத்தல் கூடாது.

மூன்றாவது, எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில் சென்று எரிந்து, அதனுள் இருக்கும் பீங்கான் கூட்டை உருக்கிவிடும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுவது இதற்கான எச்சரிக்கையாகும்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இப்பொருளைக் கொண்டு பௌதிகத்தின் சில அடிப்படைகளை விளக்கலாம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்தினால் அழுத்தமும் உஷ்ணமும் கூடுவதை மாணவர் உணர்வர். ஊசி மருந்துக் குழலின் முனையை அடைத்துப் பின்னிழுத்தால் வெற்றிடத்தின் இழுப்பு விளங்கும். முனையைச் சற்றே திறந்தால் காற்றுக் கசிவின் விளைவு புலப்படும். நிமிடத்திற்கு 900 சுழற்சியில் ஒரு சிலிண்டர் ஓய்ந்தால் மணிக்கு எத்தனை எரிப்புகள் தவறும் என்று கணக்கிடச் செய்யலாம், விடை 27,000.

களப் பணியாளர்கள் வண்டியில் உலர்ந்த துணி, பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ், ஒரு மாற்று பிளக், சிறிது வெற்றிடக் குழாய் ஆகியவற்றை வைத்திருத்தல் நன்று. வண்டியின் குறிப்பேட்டில் குலுக்கம் தோன்றிய நாள், வானிலை, எஞ்சினின் நிலை, செய்த திருத்தம் ஆகியவற்றை எழுதிவருவதும் அவசியம். மழை நாள்களில் மட்டும் மூன்று முறை தோன்றியதாகக் குறிப்பேடு காட்டுமாயின், பட்டறைக்குச் செல்லும் முன்னரே டிஸ்டிரிபியூட்டர் மூடியின் மீது கண் செல்லும்.